மந்திரிக்கு வந்த அன்னபோஸ்ட் ஆசை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் மீதிப் பல்லும் கொட்டிப் போகட்டும்.

நாலு தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்ற இஸ்திரிக்காரர் மாசானம், ஐந்தாவது தடவையும் மந்திரி சிங்கத்துரையை எதிர்த்து மனுப் போட்டிருந்தார். மற்றவர்களை எல்லாம் மந்திரி விலக வைத்துவிட்டார். மூன்று மணிக்குள் இவரும் வாபஸ் வாங்கினால் தேர்தலே கிடையாது. மந்திரிக்கு அன்னபோஸ்ட் வெற்றி.

மணி மூன்றை நெருங்கும்போது, தேர்தல் ஆபீசுக்கு எதிர் மண்டபத்தில் கட்சிக்காரர்கள் முந்நூறு பேர் நிற்க, மந்திரி வாபஸ் தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடும் வே. இல்லைன்னா இந்த ஊர்ல ஒருத்தன் உம்மகிட்ட துணி தரமாட்டான்."

மாசானத்துக்குக் கால் வலித்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை.

"போட்டுடுதேன் அண்ணாச்சி. எனக்கும் அலுத்துப் போச்சு. நாளையிலேருந்து மேடை, ஜீப்பு, மத்தியானப் பிரியாணி எதுவும் உங்களுக்குத் தேவையில்ல. இந்தப் பிள்ளைகளும் இருபது நாள் வீட்டுல தூங்கட்டும். ஒரு பேனா குடுங்க."

முந்நூறு சட்டைப் பையிலும் பேனா இருந்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை. மந்திரி தன் பேனாவையே நீட்டினார். ஒன்றியச் செயலாளர் நடுவில் பாய்ந்து வாங்கி, "இதுல மை இல்ல அண்ணாச்சி" என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டார். மணி மூன்றடித்தது.

மாசானம் வழக்கம்போலத் தோற்றார். ஆனால் அந்த இருபது நாளும் கட்சிக்காரர்கள் காலையில் அவர் கடைக்கு வந்து, "உடம்பு சௌக்கியமா வேட்பாளரே?" என்று விசாரித்து, துணியும் கொடுத்துவிட்டுத்தான் மந்திரிக்கு ஓட்டுக் கேட்கப் போனார்கள்.

யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நானும் அந்த முந்நூறில் ஒருத்தன்.