ஆர் த்ரீயில் போட்ட துண்டு

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. உள்ளே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கையில் கீரைக்கட்டோடு. நாற்பது நிமிடம் கழித்து வெளியே எடுத்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீரை மட்டும் வாடியிருந்தது.

லிஃப்டின் மூளையான கன்ட்ரோலர், கோவை கணபதியில் ஒரு சிறிய கம்பெனியில் செய்தது. கழற்றிக் கொண்டுவந்து அதன் பதிவைப் பார்த்தபோது ஒரு வரி எல்லோர் கண்ணிலும் பட்டது. போக வேண்டிய தளம்: 3296.

அப்படி ஒரு தளம் இல்லை என்று கிளம்பிய பிறகுதான் கன்ட்ரோலருக்குத் தெரிந்திருக்கிறது. உடனே பிரேக்கைப் போட்டுவிட்டது.

முதலாளி அதிகம் பேசுகிறவர் இல்லை. "திங்கக்கிழமை ரிப்போர்ட் போகணும். அதுல ஒரு பேர் இருக்கணும். அந்தப் பேர்க்காரர் இனிமே ப்ரோக்ராம் பக்கம் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிப்போர்ட் எழுத வேண்டியவர் ஜெபராணி. நாசரேத்துக்காரர், முப்பத்தாறு வயது. அவரை மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாச்சிமுத்துவும் வாயால் அப்படித்தான் கூப்பிடுவார். மனதுக்குள் மட்டும் குரு.

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருஷம் கீழ்த்தளத்தில் பேனல் வயரிங் செய்தவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் மேலே வந்து, "எனக்கும் இது வருமாங்க?" என்று கேட்டார். ஜெபராணி நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மேல்தளம்தான். மறுபடி படி இறங்கி ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை அவர் இரண்டு தாள்களோடு குருவிடம் வந்தார்.

"யாருன்னு தெரிஞ்சு போச்சுங்க மேடம்."

"யாரு அண்ணா?"

"ஹாரூண் தம்பிதானுங்க."

ஹாரூண் கம்பெனிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். ரிப்போர்ட்டில் பெயர் வந்தால் படி இறங்க வேண்டியதில்லை, நேரே வீட்டுக்குப் போகலாம்.

நாச்சிமுத்து தாள்களை மேசையில் விரித்தார். ஒன்று, எடை பார்க்கும் பழைய ஃபங்ஷன்; ப்ரோக்ராமில் அந்த ஒரு வேலைக்கான பகுதி. மற்றது, போன வாரம் ஹாரூண் திருத்தி அந்த லிஃப்டில் ஏற்றியது. கதவு மூடிய பிறகு யாராவது பட்டனை அமுக்கி மறுபடி திறந்தால், லிஃப்ட் இன்னொரு தரம் எடை பார்க்கும். லிஃப்டை ஓட்டுகிற நாச்சிமுத்துவின் ஃபங்ஷன், எடை பார்க்கிற ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

"போக வேண்டிய தளத்தை நான் ஆர் த்ரீயில வெச்சிருந்தேனுங்க. பழைய ஃபங்ஷன் அதைத் தொடவே தொடாது. தம்பி வந்து எட்டு தரம் எடை எடுத்துக் கூட்டுறேன்னு, கூட்டுன தொகையை அதே ஆர் த்ரீயில போட்டுட்டாரு. பஸ்ஸுல நான் துண்டு போட்டு வெச்ச சீட்டுல வந்து உக்காந்த மாதிரிங்க."

"எந்த சீட்டு?"

"ஆர் த்ரீங்க."

குரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆர் த்ரீ ஒரு ரிஜிஸ்டர். ரிஜிஸ்டர் என்பது ப்ராசஸர் எண்களைக் கையோடு வைத்திருக்கும் இடம். அது மொத்தமே கொஞ்சம்தான். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, கொடுக்க வேண்டியதை ஆர் ஜீரோ முதல் ஆர் த்ரீ வரை உள்ள நான்கில் வைத்துக் கொடுக்கும். பதில் ஆர் ஜீரோவில் வரும். வேலை முடிகிற வரை அந்த நான்கும் கூப்பிடப்பட்டவருடையவை. ஆர் ஃபோரும் அதற்கு மேலே உள்ளவையும் அப்படியல்ல. எடுத்துப் புழங்கினால் இருந்தபடி வைத்துவிட்டுப் போக வேண்டும். இதைப் ப்ராசஸர் கண்காணிப்பதில்லை. எழுதுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

நாச்சிமுத்துவுக்கும் இது தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் இதே மேசையில் கற்றுக்கொண்டதுதான்.

"ரூல் எனக்கும் தெரியுமுங்க" என்றார், குரு கேட்காமலே. "தளத்தை வேற இடத்துல பத்திரமா எடுத்து வெச்சு, திரும்ப எடுக்கணும்னா ரெண்டு வரி கூடும். பழைய ஃபங்ஷனை உள்ள படிச்சுப் பார்த்தேன். அது ஆர் த்ரீ பக்கமே போகலை. அப்புறம் எதுக்குங்க அந்த ரெண்டு வரி?"

பேனலில் ஒரு அங்குல வயரைக்கூட வீணாக்காதவர் என்று கீழே அவருக்குப் பெயர்.

"பதினோரு மாசம் ஓடுச்சுங்க மேடம். ஓடிட்டிருந்ததை யாரு தொட்டாங்களோ, அவங்கதானே பொறுப்பு?"

"இருக்கலாம்" என்றார் குரு. "எனக்கு ஒரு வேலை செஞ்சு தாங்க. அதுக்கப்புறம் பேர் எழுதுவோம்."

"சொல்லுங்க."

"எடை பார்க்கிற ஃபங்ஷனை நீங்க புதுசா எழுதுங்க. ஹாரூண் எழுதினதைப் பார்க்காம. சென்சார் நம்பர் ஆர் ஜீரோவுல வரும், காலி லிஃப்டோட எடை ஆர் ஒன்ல வரும். பதினாறு தரம் எடுத்து சராசரி சொல்லணும். மதியத்துக்குள்ள முடியுமா?"

"தாராளமா முடியுமுங்க."

தாள்களை அங்கேயே வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். தம்பி கெடுத்ததைத் தன்னைக் கொண்டு சரிசெய்யச் சொல்கிறார் என்று நினைத்தார். உற்சாகமாகவே உட்கார்ந்தார். எழுத எழுத மனதில் லிஃப்ட் இல்லை, தபால்காரர் இல்லை. எடை மட்டும்தான் இருந்தது. எத்தனை தரம் எடுத்தோம் என்பதை எண்ண ஆர் டூ. கூட்டின தொகைக்கு அடுத்தது. கடைசியில் பதினாறால் வகுத்து, பதிலை ஆர் ஜீரோவில் வைத்து முடித்தார். பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆகிவிட்டது.

குரு அதை வரிவரியாகப் படித்தார்.

"சுத்தமா இருக்கு அண்ணா. ஒரு ரூலும் மீறலை."

நாச்சிமுத்து இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தார்.

சாப்பாடு முடிந்து சோதனை மேசைக்குப் போனார்கள். ஆள் ஏறாத லிஃப்ட் அது. மோட்டார், பட்டன்கள், தளத்தைக் காட்டும் சிறு திரை, எடைக்கு நாலு இரும்புக் கட்டி. நாச்சிமுத்துவின் புது ஃபங்ஷனை குரு தன் கையால் ஏற்றினார். லிஃப்டை ஓட்டும் ஃபங்ஷனை அவர் தொடவில்லை. நாச்சிமுத்து பதினோரு மாதத்துக்கு முன் எழுதியபடியே இருந்தது. பிறகு ஹாரூணைக் கூப்பிட்டார்.

ஹாரூண் வந்து நின்றான். இரண்டு நாளாக யாரும் அவனை டீக்குக் கூப்பிடவில்லை.

"நாலாவது மாடி போடு. கதவு மூடினதும் ஒரு தரம் திறந்து மூடு" என்றார் குரு.

ஹாரூண் நான்கை அமுக்கினான். மூடியது. திறந்தான். மறுபடி மூடியது. மோட்டார் கிளம்பி, ஒரு மூச்சு ஓடி, டக்கென்று நின்றது.

ஹாரூண் குனிந்து திரையைப் படித்தான்.

"ஆறாயிரத்து அறுநூத்தி எட்டாவது மாடி மேடம். அங்க போய் நின்னா, மழை கீழ பெய்யுறதை வேடிக்கை பார்க்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் முகமும் மாறியது.

"இன்னும் என் ஃபங்ஷன்தான் ஓடுதா மேடம்?"

குரு நாச்சிமுத்துவைப் பார்க்கவில்லை. இரும்புக் கட்டிகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். ஆறாயிரத்து அறுநூற்றெட்டு. பதினாறால் வகுத்தால் நானூற்றுப் பதின்மூன்று. மேசைமேல் இருந்த இரும்புக்கு சென்சார் காட்டும் எண் அதுதான். கூட்டின தொகையைத் தானும் ஆர் த்ரீயிலேயே வைத்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"உன்னோடது இல்லை தம்பி" என்றார். "என்னோடது."

"நீங்க எழுதினதாண்ணே?"

"ரெண்டுமே நான் எழுதினது."

ஹாரூணுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும், அங்கே நிற்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டான்.

குரு தன் மேசைக்குத் திரும்பி ரிப்போர்ட் தாளை எடுத்தார். தேதி, இடம், நடந்தது எல்லாம் எழுதியிருந்தது. பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. தாளை நாச்சிமுத்து பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைத்தார்.

சன்னல் வழியாகக் கீழ்த்தளத்தில் யாரோ பேனல் கதவைத் தட்டி நிமிர்த்துகிற சத்தம் வந்தது. நாச்சிமுத்து அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, கட்டத்துக்குள் தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். கையெழுத்து நேராகத்தான் இருந்தது.

எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க மேடம். பதினோரு மாசம் அது சரியாத்தானே ஓடுச்சு?"

குரு தாளை மடித்து உறையில் போட்டார்.

"பதினோரு மாசமா பஸ்ஸுல கூட்டம் இல்லை அண்ணா."