சேந்தியின் மாதம்

கடல் ஊருக்குள் வந்து போன ஆண்டுக்கு மூன்றாம் ஆண்டு, பங்குனி அமாவாசை அன்று, அறுபத்து மூன்று உப்புப் பாத்திகள் இருந்த உவர்க்குடியில், கொற்றி என்ற பெண் தன் மூக்குத்தியைத் தொலைத்தாள்.

கதை கேட்க உட்கார்ந்தவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மூக்குத்தி முழுவதும் அவளுடையது அல்ல. பாதிதான் அவளுடையது. மறுபாதி செத்துப்போன அவள் தங்கையுடையது.

மூக்குத்தியைப் பாதியாக வெட்ட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆனால் ஆண்டை வெட்டலாம். அவர்கள் ஆண்டை வெட்டினார்கள்.

அவர்களின் தாய் இறந்தபோது விட்டுச் சென்றது ஒரே ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி. மகள்களோ இரண்டு பேர். மூத்தவள் கொற்றி, இளையவள் சேந்தி. மூத்தவளுக்குத்தான் உரிமை என்றாள் ஒருத்தி. செல்லமாக வளர்ந்தவளுக்குத்தான் உரிமை என்றாள் மற்றவள். முதல் நாள் சண்டை. இரண்டாம் நாள் பெரிய சண்டை. மூன்றாம் நாள் இருவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. பேச முடியாத அந்த நாளில்தான் முடிவு ஏற்பட்டது. ஒரு மாதம் இவள் மூக்கில், மறு மாதம் அவள் மூக்கில். அமாவாசைக்கு அமாவாசை கைமாற வேண்டும்.

கைமாறும் இடம் பாத்தி வரப்பு. அக்காளின் பாத்தியும் தங்கையின் பாத்தியும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு முழ வரப்பு. கொடுப்பவள் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு வேப்ப ஈர்க்கைச் செருகிக்கொள்வாள். வாங்குபவள் ஈர்க்கை எடுத்துப் போட்டுவிட்டு மூக்குத்தியைப் போட்டுக்கொள்வாள்.

சேந்தியிடம் ஒரு குணம் இருந்தது. வாங்கும் நாளில் விடியும் முன்பே வரப்பில் வந்து நிற்பாள். கொடுக்கும் நாளில் பொழுது சாயத்தான் வருவாள். கேட்டால் கால் வலி என்பாள், மாடு கயிற்றை அறுத்துவிட்டது என்பாள், இன்றைக்கா அமாவாசை என்பாள். பத்தொன்பது ஆண்டுகள் இப்படியே நடந்தது. பத்தொன்பது ஆண்டுகளும் கொற்றி திட்டிக்கொண்டேதான் வாங்கினாள்.

பிறகு கடல் வந்தது. அன்று கொற்றியின் மாதம். அதனால் மூக்குத்தி தப்பியது. சேந்தி தப்பவில்லை.

அதன் பிறகு ஆண்டு முழுவதும் மூக்குத்தியைக் கொற்றியே போட்டுக்கொண்டிருக்கலாம். கேட்பதற்கு ஆள் இல்லை. அவள் அப்படிச் செய்யவில்லை. தன் மாதம் முடிந்ததும் வரப்பில் நின்று கழற்றுவாள். துணியில் முடிந்து மடியில் செருகி, வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சிப்பிக்குள் வைப்பாள். அந்த மாதம் முழுவதும் மூக்கில் ஈர்க்கோடுதான் இருப்பாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு பங்குனி அமாவாசை அன்றும் அப்படித்தான் கழற்றினாள், முடிந்தாள், மடியில் செருகினாள். அன்று கடைசி வாரல். இரண்டு பாத்திகளிலும் அவளே குனிந்து குனிந்து உப்பை வாரினாள். முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று அவளுக்குத் தெரியாது.

உவர்க்குடியில் ஒரு வழக்கம் உண்டு. அறுபத்து மூன்று பாத்தி உப்பையும் ஒரே அம்பாரமாகக் குவித்து, பனையோலை வேய்ந்து, முகப்பு ஓலையில் ஈரச் சாம்பலால் கையை அழுத்திக் குறி வைப்பார்கள். ஆண்டுக்கு ஒரு பெண் குறி வைப்பாள். வைத்தவள்தான் தன் முந்தானையால் அதை அழிக்க வேண்டும். வேறு யாராவது அழித்தால் அந்த உப்பு திருட்டு உப்பு. உப்பு வாங்க வரும் உமணர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

அந்த ஆண்டு முறை கொற்றிக்கு வந்திருந்தது. அன்று மாலை தன் கையாலேயே குறி வைத்தாள். சாம்பல் கையைக் கழுவிவிட்டு மடியைத் தொட்டாள். துணி இருந்தது. மூக்குத்தி இல்லை.

வரப்பில் தேடினாள். பாத்தியில் தேடினாள். வந்த வழியில் தேடினாள். மூன்று இடத்திலும் இல்லை. இனி ஒரே ஓர் இடம்தான். வீட்டுக் கூரை உயரத்துக்கு, ஓலைக்கு அடியில் வெள்ளையாக நின்ற அந்த அம்பாரம்.

மறுநாள் காலை உமணர்களின் வண்டிகள் நாற்பது, நெல் மூட்டைகளோடு வந்து நின்றன. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினால்தான் உவர்க்குடியில் அடுத்த பங்குனிவரை உலை கொதிக்கும். அந்த மண்ணில் உப்பைத் தவிர வேறெதுவும் விளையாது.

கொற்றி குறியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

முதல் நாள் ஊர்த்தலைவர் கண்டன் வந்தார்.

“வண்டி வந்தாச்சு கொற்றி. குறியை அழிம்மா.”

“அழிக்கிறேன் மாமா. அழிச்சதும் அம்பாரத்து மேல தண்ணி ஊத்தணும்.”

“என்ன தண்ணி?”

“குளத்துத் தண்ணிதான். நாலாயிரம் குடம் போதும். உப்பு கரையும். கல்லு கரையாது.”

கண்டன் அம்பாரத்தைப் பார்த்தார். கொற்றியைப் பார்த்தார். வண்டிகளைப் பார்த்தார்.

“அளக்கும்போது ஒவ்வொரு மரக்காலாப் பார்த்துக்கலாம். கண்ணுல படாமலா போகும்?”

“இதுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் வெள்ளைக்கல்லுதான் மாமா. சல்லடையில சலிச்சாலும் அதே அளவு. வெயில்ல பரப்பினாலும் அதே மினுக்கு. தண்ணி ஒண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.”

“அப்ப ஊர் எதைத் தின்னும்?”

“கடல் வந்தப்ப எல்லாரும் எதையாவது எடுத்துக்கிட்டு ஓடினீங்க. எனக்கு மிஞ்சினது இது ஒண்ணுதான்” என்றாள் கொற்றி.

கண்டனின் மகனும் அந்தக் கடலில்தான் போனான். அதை அவர் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் அவள் கணவன் தத்தன் சோற்றோடு வந்தான்.

“சாப்பிடு புள்ள. அடுத்த திருவிழாவுக்கு உனக்கு வேற மூக்குத்தி வாங்கித் தரேன். இதைவிடப் பெரிய கல்லு.”

“எங்கம்மா இன்னொரு தடவை செத்துக் கொடுப்பாளா?”

தத்தன் அங்கேயே உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைத் தானே தின்றுவிட்டுப் போனான்.

அதற்குள் ஊர் இரண்டாகியிருந்தது. குறியை அழித்து வண்டியில் ஏற்றிவிடலாம் என்றார்கள் சிலர். திருட்டு உப்பு என்று பேர் வந்தால் அடுத்த ஆண்டு ஒரு வண்டியும் வராது என்றார்கள் சிலர். நாளைக்கும் அழிக்காவிட்டால் அடுத்த துறைக்குப் போய்விடுவோம் என்று உமணர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை உமணர் கூட்டத்திலிருந்து பூதி வந்தாள். முதல் வண்டி அவளுடையது. அவள் கிளம்பினால்தான் மற்ற முப்பத்தொன்பது வண்டிகளும் கிளம்பும். ஊர் ஊராகத் தெருவில் நின்று உப்பு விற்றுத் தடித்துப்போன குரல். வந்தவள் கெஞ்சவில்லை. எதிரில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிழித்தாள்.

“எங்க மாடு உங்க ஊர் வாங்கி வச்ச வைக்கோலைத் தின்னு தீர்த்துருச்சு. இன்னும் ஒரு நாள் நின்னா கூரையைத் தின்னும். உன் வீட்டுக் கூரை எது? அங்கேயே கட்டச் சொல்றேன்.”

கொற்றி மூக்கைத் தடவினாள்.

“மூக்குல என்ன அது, ஈர்க்கா? தொலைச்ச பிறகு செருகினதா?”

“இல்லக்கா. தொலையறதுக்கு முன்னாலயே செருகினது.”

“அதென்ன கூத்து? மூக்குத்தி இருக்கும்போதே ஈர்க்கா?”

கொற்றி சொன்னாள். ஒரு மூக்குத்தி, இரண்டு மூக்கு என்று தொடங்கி, வரப்பையும், அமாவாசையையும், சேந்தியின் கால் வலியையும், கயிறு அறுத்த மாட்டையும் சொன்னாள். மூன்று ஆண்டுகளாக யாரும் அவளிடம் சேந்தியைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள் என்று ஊர் நினைத்தது. அவள் சொல்லும்போது அழவில்லை.

பூதி வெற்றிலையை மெல்லாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இது யாரு மாசம்?”

கொற்றி வரப்பைப் பார்த்தாள்.

“தங்கச்சி மாசம்.”

“எப்ப தொடங்குச்சு?”

“அமாவாசை அன்னைக்கு. வரப்புல கழட்டினேனே, அப்பலேருந்து.”

“சரி. அவ இருந்தப்ப, அவ மாசத்துல நீ என்னைக்காவது அதைப் பிடுங்கினது உண்டா?”

“ஒரே ஒரு தடவை. ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனேன்.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. முப்பது நாள் பேசல.”

பூதி சிரித்துவிட்டாள். கொற்றிக்கும் உதட்டோரம் அசைந்தது.

“ஒரு கல்யாணத்துக்கே முப்பது நாள். இப்ப ஊர்ச் சோத்தைக் கரைச்சு அவ மாசத்துல திருப்பிக் கேக்குறியே, எத்தனை நாள் பேசமாட்டா? நல்லா யோசி. அவ மாசத்துல அது உன் மூக்குல இருக்காது. எப்பவும் இருந்ததில்ல. நீயே எடுத்து வைக்கிறது, இப்ப தானாவே போயிருக்கு. அவ்வளவுதான்.”

“என் மாசம் வருமேக்கா. அப்ப என்ன செய்வேன்?”

“வரட்டும். வந்தா அழு. யார் வேணாம்னா? ஆனா இந்த மாசம் உனக்கு அழ முறை இல்லை.”

கொற்றி எழுந்து முந்தானையை நனைத்தாள். ஒரு தடவை துடைத்தாள், விரல்கள் போயின. இரண்டாம் தடவை துடைத்தாள், உள்ளங்கை போயிற்று. மூன்றாம் தடவை துடைத்தாள், சாம்பல் இருந்த இடமே தெரியவில்லை.

உப்பை அளந்து ஏற்றும்போது அவள் குனிந்து பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தாள். நாற்பது வண்டிக்கும் பார்த்தாள். கிடைக்கவில்லை. நாற்பதாவது வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டு, நெல்லைச் சுமந்து வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

சித்திரை அமாவாசை வந்தது. அது சேந்தி கொடுக்க வேண்டிய நாள். கொற்றி விடிந்ததும் வரப்புக்குப் போனாள். உச்சிப் பொழுதுவரை நின்றாள். சாயும் பொழுதுவரை நின்றாள். தத்தன் தேடிக்கொண்டு வந்து, எதற்காக நிற்கிறாய் என்று கேட்டான்.

“கொடுக்கிற நாள்ல அவ என்னைக்கு நேரத்துக்கு வந்தா?” என்றாள் கொற்றி. சொல்லிவிட்டு அவனோடு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த மாதம் முழுவதும் அழுதாள். அடுத்த அமாவாசை வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சேந்தியின் மாதம். இப்படி ஒரு மாதம் அழுவதும் ஒரு மாதம் அழாமல் இருப்பதுமாக அந்த ஆண்டு போயிற்று. அடுத்த ஆண்டு தன் மாதத்தில் பத்து நாள் அழுதாள். அதற்கடுத்த ஆண்டு அமாவாசை அன்று மட்டும் அழுதாள். பிறகு அழுகை நின்றுபோனது. வரப்புக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. வேறு மூக்குத்தி வாங்கித் தருவதாகச் சொல்வதை ஏழாம் ஆண்டு தத்தன் நிறுத்திக்கொண்டான். கொற்றி கடைசிவரை ஈர்க்கோடுதான் இருந்தாள்.

ஒவ்வொரு பங்குனியிலும் வண்டியிலிருந்து இறங்கியதும் பூதி முதலில் கேட்பது ஒன்றுதான். இது யாரு மாசம்? தங்கச்சி மாசம் என்பாள் கொற்றி. பிறகு இருவரும் அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து சேந்தியைப் பற்றிப் பேசுவார்கள். பூதி இந்த ஊருக்கு வரத் தொடங்கியதே கடல் வந்த பிறகுதான், சேந்தியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நாளாக நாளாக, கயிறு அறுத்த மாட்டின் கதையைக் கொற்றியைவிட அவள்தான் நன்றாகச் சொன்னாள். சில பங்குனிகளில் கண்டனும் வந்து உட்கார்ந்தார். தன் மகனைப் பற்றிச் சொன்னார்.

கேட்டவர்கள் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: அருமையான பொருள் தொலைந்தால் அதற்காக அழலாம், ஆனால் அந்த அழுகைக்காகப் பிறர் சோற்றைக் கரைக்கக் கூடாது.

கடல் வந்து போன ஆண்டுக்கு நான்காம் ஆண்டு, மாசி மாதம் ஒன்பதாம் நாள், உவர்க்குடியிலிருந்து பதினோரு நாள் வண்டிப் பயணத் தொலைவில் இருந்த மேட்டுப்புலம் என்ற ஊரில், உமணரிடம் வாங்கிய உப்பில் மாவடு ஊறிய சாடியைக் கழுவிய ஒரு பெண்ணின் கையில், அடியில் கிடந்த வெள்ளைக்கல் மூக்குத்தி ஒன்று தட்டுப்பட்டது. அது யாருடையது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கு மகள்கள் இரண்டு பேர்.