கேளையாடு குரைக்கத் தொடங்கிய நாள்

மனிதர்களும் மிருகங்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்துக் காட்டுக்குப் போவதென்றால் சம்பந்தி வீட்டுக்குப் போவது மாதிரி. குளித்து முழுகி, துவைத்த துணி உடுத்திக்கொண்டு, வெறுங்கையோடு போக வேண்டும். கத்தி, ஈட்டி, கவண் எதுவும் கூடாது. காட்டின் விளிம்பில் ஓர் ஓடை உண்டு. அதற்கு அக்கரையில் கேளையாடு நின்றுகொண்டிருக்கும்.

பெயரில்தான் ஆடு, கேளை மான் சாதி. செம்மண் நிறம், இடுப்புயரம்கூட இராது. ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் அப்படியொரு குரல். வந்தவர்களைப் பார்த்து, "யாரு, எந்த ஊரு?" என்று விசாரிக்கும். பிறகு காட்டுப் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க, நம்ம ஆளுங்கதான்!" என்று கூப்பிடும். அந்தக் குரல் கேட்டால் போதும். கடமான் மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு வரும். காட்டெருமை கன்றோடு வரும். மரத்திலிருந்து மயில் இறங்கும். வந்தவர்கள் பார்த்துப் பேசிவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். புலிக்கும் மற்றவர்களுக்கும் இருந்த வழக்கு வேறு. அதில் கேளை தலையிடுவதில்லை.

அடிவாரத்து ஊரில் மாராயி என்றொருத்தி இருந்தாள். அவள் மகள் பூவாயி பிறந்ததே அந்த ஓடைக்கரையில்தான். நிறைமாதத்தில் விறகு பொறுக்கப் போன மாராயிக்கு வலி கண்டுவிட்டது. பக்கத்தில் ஆள் இல்லை. கேளைதான் மேட்டில் ஏறி நின்று, ஊர் வரைக்கும் எட்டும்படி அவள் புருஷன் அங்கமுத்துவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவன் ஓடி வந்து சேரும்வரை, "இன்னும் கொஞ்ச நேரம் தாயி, வந்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் தலைமாட்டில் நின்றது. அதற்கப்புறம் மாராயி மாதத்துக்கு ஒருமுறையாவது ஓடைக்குப் போய்விடுவாள். கேளைக்கும் ஒரு குட்டி பிறந்தபோது முதலில் போய்ப் பார்த்தவள் அவள்தான்.

பூவாயிக்கு நாலு வயதானபோது மழை பொய்த்தது. மறு வருஷமும் பெய்யவில்லை. சாமை முளையிலேயே கருகியது. விதைக்கு வைத்திருந்ததையும் இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். ஆடுகள் தீர்ந்தன, கோழிகள் தீர்ந்தன. வைகாசியில் மாராயியின் மூத்த மகன் செத்துப்போனான். புதைத்துவிட்டு வந்த அன்று பூவாயி பசியென்று அழுதாள். அடுத்த வாரம் அழக்கூட மாட்டாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

அங்கமுத்து மாராயியின் அருகே உட்கார்ந்தான். "கேளை கூப்பிட்டா காடே வரும். நீ கேட்டா அது கூப்பிடும்."

"வாயைக் கழுவுங்க," என்றாள் மாராயி. "அது நம்ம வீட்டு ஆளு மாதிரி."

"நம்ம வீட்டு ஆளு ஒண்ணு மண்ணுக்குள்ள போயிடுச்சு. இன்னொண்ணும் போகணுமா?"

விடியும்போது மாராயி மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது, இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அளவில் இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, "என்ன செய்யணும், சொல்லுங்க," என்றாள்.

அங்கமுத்துவும் ஊர் ஆண்கள் ஏழு பேரும் இருட்டோடு போய், ஓடைக்கு மேலிருந்த பாறைகளுக்குப் பின்னால் ஈட்டிகளோடு படுத்துக்கொண்டார்கள். வெயில் ஏறியதும் மாராயி மட்டும் தனியாக ஓடைக்கு வந்தாள். தண்ணீர் வற்றி மணல் தெரிந்தது. அக்கரையில் கேளை நின்றது. அதுவும் மெலிந்திருந்தது.

"வா தாயி. ரெண்டு மாசமா ஆளையே காணோமே. மூத்தவன் போயிட்டான்னு காக்கா சொல்லுச்சு." கேளை அவள் முகத்தைப் பார்த்தது. "முகமே வாடிக் கெடக்கு. பசியா?"

ஆமாம் என்ற சொல் மாராயிக்கு வாய் வரை வந்தது. பாறைக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அதை நிறுத்திவிட்டது. பிச்சை கேட்பதா என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது.

"இல்லை," என்றாள். "மனசுதான் சரியில்லை. உங்களையெல்லாம் ஒருதரம் பாத்தா ஆறும்னு வந்தேன். எல்லாரையும் கூப்பிடேன்."

"தனியாத்தான வந்திருக்கே?"

"தனியாத்தான்."

"வெறுங்கைதான?"

மாராயி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கைகளில் ஒன்றுமில்லைதான்.

கேளை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டது. "எல்லாரும் வாங்க! நம்ம மாராயி வந்திருக்கா. புள்ளையப் பறிகொடுத்துட்டு வந்திருக்கா, வந்து ஒரு வார்த்தை பேசுங்க!"

அதுவரை வராதவர்கள்கூட அன்று வந்தார்கள். துக்கம் கேட்க அல்லவா வருகிறார்கள்! கடமான்கள் வந்தன. புள்ளிமான் கூட்டம் வந்தது. கிழட்டுக் காட்டெருமை ஒன்று நொண்டிக்கொண்டே வந்தது. தாயின் குரல் கேட்டுக் கேளையின் குட்டி புதரிலிருந்து துள்ளிக்கொண்டு முன்னால் ஓடி வந்தது. கடமான் ஒன்று மாராயியின் தோளை முகத்தால் தொட்டு, "அழுதிடு தாயி," என்றது.

அப்போது பாறைகளுக்குப் பின்னாலிருந்து ஈட்டிகள் பறந்தன.

எவ்வளவு நேரம் நடந்தது என்று மாராயிக்குத் தெரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் அடங்கிக் கண்ணைத் திறந்தபோது ஓடை மணல் சிவந்திருந்தது. தப்பியவை மலையேறி ஓடிவிட்டன. நடுவில் கேளையின் குட்டி விழுந்து கிடந்தது. கேளை அதன் மேல் குனிந்து, ஈட்டியை வாயால் கவ்விப் பிடுங்கப் பார்த்தது. முடியவில்லை.

தலையை நிமிர்த்தி மாராயியைப் பார்த்தது.

"பசியான்னு கேட்டேனே, தாயி," என்றது. "மேல் பாறையடியில நூறைக்கிழங்கு ஒரு ஊருக்கே ஆகிற மாதிரி கெடக்கு. காட்டியிருப்பேனே. பசியான்னு கேட்டேனே..."

அதற்கு மேல் அதற்குப் பேச்சு வரவில்லை. கழுத்தை நீட்டி ஓடிப்போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தது. தொண்டையிலிருந்து நாய் குரைப்பது போல வறண்ட சத்தம் ஒன்றுதான் வெளியே வந்தது. தன் சத்தத்தைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு நின்றது. மறுபடியும் முயன்றது. மறுபடியும் அதே குரைப்பு. அப்படியே குரைத்துக்கொண்டே தனியாகக் காட்டுக்குள் போய் மறைந்தது.

அன்று ஊரில் எல்லா வீட்டிலும் புகை எழுந்தது. பூவாயிக்கு முதலில் சாறு கொடுத்தார்கள், பிறகு கறி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்றாள். மாராயி அந்தக் கறியைத் தொடவில்லை. பட்டினியாக இருந்து மேல் பாறைக்குப் போய்த் தோண்டினாள். நூறைக்கிழங்கு இருந்தது. கேளை சொன்னபடியே, ஒரு ஊருக்கு ஆகிற அளவு இருந்தது. ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மழை பெய்து காடு பசுமை கண்ட பிறகு, குளித்துவிட்டுத் துவைத்த துணி உடுத்திக்கொண்டு மாராயி ஓடைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனாள். அவள் கால் அக்கரையில் பட்டதும் எங்கோ புதருக்குள்ளிருந்து அந்தக் குரைப்பு கேட்டது. உடனே காடு முழுவதும் இலைகள் சரசரத்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சற்றுமுன் மிதித்த புல் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. சாணத்தில் சூடு ஆறவில்லை. ஓர் உயிரைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை.

"கேளை, நான்தான் மாராயி!" என்று கூப்பிட்டாள்.

குரைப்பு இன்னும் தூரத்தில் கேட்டது.

பல வருஷம் போய்ப் பார்த்தாள். தலை நரைத்த பிறகும், கோலூன்றிக்கொண்டும் போனாள். ஒரு நாளும் அவளுக்கு மறுமொழி கிடைக்கவில்லை. காட்டில் எந்த மிருகமும் அதற்குப் பிறகு மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான் கேளையாடு கூட்டம் சேராமல் தனியாகவே திரிகிறது. காட்டைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் எவ்வளவு மெதுவாக அடி வைத்தாலும், வெறுங்கையோடு வந்தாலும், "ஓடுங்க, மனுசங்க வந்துட்டாங்க" என்று குரைத்துக் காட்டையே காலி செய்கிறது.