துள்ளல் அடங்கும்வரை

சிங்காநல்லூரில் ஒரு சின்னப் பட்டறை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்வார்கள். அதற்குப் புரோகிராம் எழுதுவதில் பரிமளாதான் குரு. சீடர் சென்னியப்பன் அவளைவிட மூத்தவர், டிவி ரிப்பேரை விட்டுவிட்டு வந்தவர். இவர் அவளை டீச்சர் என்பார், அவள் இவரை அண்ணா என்பாள். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

அன்று அவர் பேயறைந்த மாதிரி வந்து நின்றார்.

"பம்ப்பைத் திருப்பி அனுப்பிட்டாங்க டீச்சர். குழந்தைங்க வார்டு. நர்ஸம்மா பட்டனை ஒருக்கா அமுக்குனா அளவு மூணு ஏறுதாம். நல்லவேளை, தண்ணிய வெச்சுப் பாத்தாங்க. மருந்தா இருந்திருந்தா..."

பயந்தே போயிருந்தார்.

பரிமளா எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி மேசைமேல் போட்டாள். அது டங்கென்று விழுந்து, துள்ளித் துள்ளிக் கிணுகிணுத்து, அடங்கியது.

"எத்தனை தடவை போட்டேனுங்க?"

"ஒருக்கா."

"சத்தம்?"

"அது கேட்டுச்சுங்க, அஞ்சாறு."

"அப்புறம் ஒருக்கான்னு எப்படிச் சொன்னீங்க?"

"அடங்கட்டும்னு இருந்தேன்." சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட! பட்டனுக்குள்ள இருக்கற தகடும் இப்படித்தான் துள்ளுதுங்களா? நான் துள்ளலையெல்லாம் எண்ணிட்டிருந்திருக்கேன்!"

ஓடிப்போய்ப் புரோகிராமைத் திருத்தினார். துள்ளல் அடங்கும்வரை ஒரு சின்னக் காத்திருப்பு. கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன், நிறுத்தும் பட்டன், ஒன்றையும் விடவில்லை. மனுஷனுக்கு அவ்வளவு ஆர்வம். அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஒரு அமுக்கலுக்கு ஒரு எண்தான் ஏறியது.

"இன்னொண்ணுங்க டீச்சர். நிறைய ஏத்தணும்னா அமுக்கிப் புடிச்சாப் போதும்னு இருக்கணுமாம். ஆனா தொட்டவுடனே எண் ஓட ஆரம்பிச்சுட்டா? அவங்க கேட்டது ஒண்ணா, நிறையவான்னு பட்டனுக்கு எப்படித் தெரியும்?"

பரிமளா அதே டம்ளரை நீட்டினாள். "காப்பி ஊத்துங்க."

பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மடக்கு ஊற்றினார். நிறுத்தி அவள் கையைப் பார்த்தார். கை நீட்டியபடியே இருந்தது. மறுபடி ஊற்றினார், இப்போது தாராளமாகவே.

"நடுவுல ஏன் நின்னீங்க?"

"கையை இழுத்துக்குவீங்களோன்னு பாத்தேன். இழுக்கலை, அதான் தொடர்ந்து..." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புடிச்சுட்டேன் டீச்சர்!"

அந்தச் சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. காப்பி விளிம்பைத் தொட்டது.

"போ..."

சட்டென்று பிளாஸ்க்கை நிமிர்த்தினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"போதும்னு நான் இன்னும் சொல்லி முடிக்கலையேண்ணா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! நீங்க முடிக்கறவரைக்கும் நான் பாத்துட்டிருந்தா உங்க கை வெந்துருமே!"

பரிமளா ஒரு வாய் குடித்தாள். பிறகு பம்ப்பில் இருந்த சிவப்புப் பட்டனைத் தொட்டுக் காட்டினாள். மருந்தை நிறுத்துகிற பட்டன்.

"அப்ப இது எதுக்குண்ணா அடங்கட்டும்னு காத்துட்டிருக்குது?"