பதினொரு முக்காலிகள்

திருநெல்வேலித் துணிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவின் மேலாளர் சிதம்பரநாதன், தம் சுழல் நாற்காலியை விட்டு எழாதவர். புதிதாகச் சேர்ந்த பத்துப் பெண்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

முதலாளியின் முன்னிலையில் அவர் முழங்கினார்: “காலையில ஒன்பதுக்கு நின்னா ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கணும். உக்காந்தவ அன்னைக்கே ஊருக்கு பஸ் ஏறிரணும். என்னைப் பார்த்து அப்படியே செய்ங்க, போதும்.”

இந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லாத பேச்சித்தாய் பணிவுடன் கேட்டாள்: “அவ்வளவு நேரம் நிக்கிறது எப்படின்னு தெரியலயே சார். நீங்க நின்னு காட்டுனா பார்த்துப் படிச்சிக்கிடுவோம்.”

முதலாளி சிரித்தார். “நியாயந்தானே! நின்னு காட்டும்வே.”

மறுக்க வழியின்றி அவர் நின்றார். எதிரே பத்துப் பெண்களும் வரிசையாக நின்றார்கள். பதினொரு மணிக்கு அவர் கால் மாற்றி நின்றார். பத்துப் பேரும் கால் மாற்றினார்கள். பன்னிரண்டு மணிக்கு அலமாரியில் சாய்ந்தார். பத்து முதுகுகளும் சாய்ந்தன.

“என்ன சார், டிரில்லா நடக்குது?” என்றாள் சேலை எடுக்க வந்த ஓர் அம்மாள்.

இரண்டு மணிக்கு அவர் குரல் தாழ்ந்தது. “ஏட்டி பேச்சித்தாயி, குடோன்ல முக்காலி கெடக்கும். எடுத்துட்டு வா.”

அவள் அசையவில்லை. “ஒண்ணா சார், பதினொண்ணா? ஒண்ணுன்னா, உக்காந்தவங்க இன்னைக்கே பஸ் ஏறணும். பதினொண்ணுன்னா யாரும் ஏற வேண்டாம்.”

கல்லாவிலிருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

“பதினொண்ணே கொண்டா,” என்றார் சிதம்பரநாதன்.

அந்த முக்காலிகள் மறுபடி குடோனுக்குத் திரும்பவே இல்லை.