நாலு மணி நேரம்

டாக்டர் சவரிமுத்து இருபது வருடம் ஊரில் கண் வைத்தியம் பார்த்தவர். விழித்திரை வைத்தியம் கற்க, ஐம்பது வயதில், தன்னைவிடச் சின்னவரான டாக்டர் நாச்சம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. நல்ல மனசுக்காரர் என்ற பேர் மட்டும் கெடக் கூடாது.

திங்கட்கிழமை காலை மினிபஸ் டிரைவர் சுடலை வந்தார். வலது கண் சிவந்து, பார்வை லேசாக மங்கியிருந்தது.

"கண்மணி விரியுறதுக்குச் சொட்டு விடணும். உள்ளே ஓரமெல்லாம் பாக்கணும்" என்றார் சவரிமுத்து.

"விட்டா இன்னைக்கு வண்டி எடுக்க முடியாதுல்லா சார்?"

சவரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. கண்மணியை விரித்துப் பார்க்காமலே, சிவப்புக்கு ஸ்டீராய்டு சொட்டு மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்.

"நல்லாயிருப்பீங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் சுடலை.

சனிக்கிழமை அவர் திரும்பி வந்தபோது, அந்தக் கண்ணுக்குக் கையசைப்பது மட்டும்தான் தெரிந்தது. நாச்சம்மை சொட்டு விட்டுப் பார்த்தார். விழித்திரையின் ஓரத்தில் கிளம்பிய வெள்ளைத் திட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து நடுவரை வந்திருந்தன. அங்கே போன பார்வை இனித் திரும்பாது.

"ஹெர்பிஸ் வைரஸ். கண்ணுக்குள்ளேர்ந்து துளி நீர் எடுத்து லேபுக்கு அனுப்புங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், டிரிப்ஸ்ல மருந்தை இப்பவே ஏத்துங்க. இடது கண்ணுக்கும் வந்துடக் கூடாது."

"சார் அன்னைக்கே நல்லாத்தான் பாத்தாக" என்றார் சுடலை.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சவரிமுத்துவுக்கு. சுடலையை வார்டுக்கு அனுப்பி, டிரிப்ஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு, நாச்சம்மையின் அறைக்கு வந்து நின்றார்.

"ஒரு நாள் பொழப்பு கெடக் கூடாதுன்னு இரக்கப்பட்டேன் மேடம். இரக்கப்பட்டது தப்பா?"

நாச்சம்மை கண்மணியை விரிக்கும் அதே சொட்டு மருந்தை எடுத்து, அவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, இரண்டு கண்ணிலும் விட்டார்.

"போய் வெளியே நோயாளிங்களோட உக்காருங்க."

முக்கால் மணி நேரம் கழித்து, சவரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாச்சம்மை சுடலையின் சீட்டை அவர் கையில் கொடுத்தார்.

"படிங்க."

"எழுத்தெல்லாம் கலங்குது. வெளிச்சம் ரொம்பக் கூசுது."

"எப்போ தெளியும்?"

"நாலு மணி நேரத்துல தெளிஞ்சுடும், மேடம்."

"அந்த நாலு மணி நேரத்தைத்தான் அவருக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்தீங்க, சார்."