கியர் ராடில் ஒரு கை

விருத்தாசலத்துக்கு வெளியே இருந்தது சௌந்தரவல்லியின் சிற்பக்கூடம். நாற்பத்தொரு வயது அவளுக்கு. மனம் நொந்தவர்களைக் களிமண்ணில் செய்து பேர் வாங்கியவள். அவளிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் சூசைமாணிக்கம். அவளைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். பஸ் டிரைவர். மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாக லீவில் இருந்தார்.

அவர் செய்வதெல்லாம் தலைகள்தான். சங்கிலி கட்டிய தலை, பிளந்த தலை, பாம்பு நுழையும் தலை. அன்று ஆணி அடித்த தலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

சௌந்தரவல்லிக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, உங்க தலையில யாராச்சும் ஆணி அடிச்சாங்களா?"

"இல்லை டீச்சர்."

"பாம்பு?"

"இல்லை. மனசு நோயை இப்படித்தானே காட்டணும்?"

"யார் சொன்னா?"

"சினிமாவுல எல்லாம்..."

"சினிமா கிடக்கட்டும். உங்களுக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க."

சூசை கையில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டினார்.

"சிக்னல்ல நிக்கிறேன். பச்சை விழுந்துச்சு. கியர்ல கை வச்சேன், போட முடியலை. வலியும் இல்லை, பயமும் இல்லை. கை அப்படியே இருக்கு. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பஸ்ஸே கத்துது. கண்டக்டர் பரமசிவம் வந்து என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தார்."

"அதைச் செய்யுங்க."

"அதுல என்ன டீச்சர் இருக்கு? வெறும் கை."

"ஐயோ, செய்யுங்கண்ணே!"

மூன்று வாரம் ஆயிற்று. கியர் ராடை இறுகப் பிடித்த ஒரு கை. அதன் சுண்டுவிரலை மெல்லப் பிரிக்கும் இன்னொரு கை. பரமசிவம் பார்க்க வந்தார். தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

சௌந்தரவல்லிக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. பீடத்தின் ஓரத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

அதன்பின் பத்து நாள் சூசை வரவில்லை. வந்தபோது கண் குழி விழுந்திருந்தது. சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது.

"தூங்குறீங்களா?"

"இல்லை."

"மாத்திரை?"

"நிறுத்திட்டேன்." அந்தக் களைத்த முகத்திலும் ஒரு பெருமை தெரிந்தது. "அந்தக் கையை முடிச்ச அன்னிக்கே நிறுத்திட்டேன். மண்ணே குணமாக்கிடுச்சு டீச்சர்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு?"

சௌந்தரவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் மண். எழுந்து போனாள். கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து, அவர் முன்னாலேயே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அட்டையில் இருந்த மருந்தின் பெயரை சூசை படித்தார். அவருக்குத் தெரிந்த பெயர்தான்.

"நீங்களுமா?"

"பதினோரு வருஷமா."

அவர் சுற்றிலும் பார்த்தார். அலமாரி நிறைய, தரை நிறைய, ஜன்னல் வரை சிலைகள்.

"இவ்வளவு செஞ்சுமா டீச்சர்?"

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் இவ்வளவும் செஞ்சேன். முதல்ல டாக்டருக்குப் போன் போடுங்கண்ணே."